கழுதை காத்த மூன்று மழை

"இந்தச் சட்டத்தைப் போட்டவன் வாழ்நாளில் ஒரு மூட்டை சுமந்திருக்க மாட்டான்!" என்று கத்தியது கழுதை.

அணில் பின்வாங்கியது. நோய் வந்தால் மலையிலிருந்து மூலிகை கொண்டுவந்து தருவதற்காக, குரங்குக் கூட்டத்துக்கு ஆண்டுதோறும் கொள்ளு அளந்து வந்தது கழுதை. குரங்குகள் இந்த வருஷம் இரட்டிப்பாகக் கேட்டன. அணில் கூட்டம் அதில் பாதிக் கொள்ளுக்கே மூலிகை தருவதாகச் சொல்லிற்று. ஆனால் சேரும் முன்பே இருந்த பழைய நோய் என்றால், மூலிகைக்கு மூன்று மழைக்காலம் பொறுக்க வேண்டுமாம்.

கழுதைக்கோ பழைய முட்டிவலி. மூலிகைப் பற்று போடாவிட்டால் நடை இல்லை. நடை இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை.

"அப்ப குரங்குகிட்டயே இருந்துக்கங்கண்ணே," என்றது அணில்.

"மாறத்தான் போறேன் தம்பி. வெறுங்கையோட வரமாட்டேன். நான் சேர்ந்தப்ப குரங்குகளும் இதே மூணு மழைக் கணக்கைத்தான் சொல்லிச்சு. மூணு மழையும் வலியோட நொண்டி முடிச்சாச்சு. காத்துக் கிடந்தது குரங்கா, நானா? அது என் சம்பாத்தியம். நான் போற இடத்துக்கெல்லாம் கூடவே வரும்."

"எங்க பெரியவரைத்தான் கேக்கணும்..."

கழுதை தலையை நிமிர்த்தியது. "கூட்டிட்டு வா. என் மூணு மழையையும் அந்த ஆளு தன் வாயால ஒத்துக்கட்டும். அப்புறம் கொள்ளு கேக்கட்டும்!"