மாமனார் மாற்றவிடாத சுவர்

பாசி படிந்த முன்சுவரையும் துருப்பிடித்த கேட்டையும் மாற்ற மாமனார் மசியவே இல்லை. மகனோடு அவர் கண் ஆபரேஷனுக்கு வெளியூர் போன வாரத்தில் மருமகள் காரியத்தை முடித்துவிட்டாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவர் புதுச் சுவரையும் புதுக் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி மாமா, அடையாளமே தெரியலைல்ல?"

கேட்டுக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் சிரித்தார். "கொஞ்ச முன்னாடி நீங்க கடைக்குப் போனப்ப பையோட ஒருத்தர் வந்தாரும்மா. 'முன்னாடி இருந்தவங்க எங்கே?'ன்னார். எனக்கென்ன தெரியும்? வீட்டுக்காரங்கன்னு உங்க பேரைச் சொன்னேன். 'அவங்களைத் தெரியாது'ன்னு போயிட்டார்."

"நெத்தியில தழும்பு இருந்துச்சா?" மாமனார் பெயின்டரின் கையைப் பிடித்தார்.

"ஆமாங்கய்யா."

கண்கட்டோடு அவர் தெருவில் ஓடினார்.

மருமகளிடம் கணவன் சொன்னான்: "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே கோவிச்சுட்டுப் போன எங்கண்ணன். என்னைக்காவது வந்தா வீடு அடையாளம் தெரியணும்னுதான் அப்பா எதையும் மாத்தவிடலை."

தெருமுனையில் மாமனார், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.