ஒரு தப்புகூட இல்லை

“டீச்சர், பத்து வருஷமா நடக்குற விஷயத்தை எப்படி எழுதணும்?”

“முடிஞ்சு போச்சா, இன்னும் நடக்குதா?”

“இன்னும் நடக்குது.”

“அப்போ ‘ஹேஸ் பீன்’ போடு, கூடவே ‘இங்’. நேத்தோட முடிஞ்சதுன்னா சாதாரண இறந்தகாலம் போதும்.”

மாலை ஆங்கில வகுப்பு கலைந்துவிட்டது. நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்த டீச்சரை அவள் விடுவதாக இல்லை. அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“இனிமே நடக்கப் போறதுக்கு?”

“நடந்தாலும் நடக்கலாமா, கண்டிப்பா நடக்குமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “கண்டிப்பா நடக்கும் டீச்சர்.”

“உனக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சும்மா! அப்படி யாருக்குத்தான் எழுதுற? வேலைக்கா?”

“ஒரு ஆபீசுக்கு. நாளைக்குக் காலையில குடுக்கணும். போன தடவை தமிழ்ல எழுதிக் குடுத்தேன். இந்த ஊர்ல அங்க யாருக்கும் தமிழ் தெரியல. எங்க வீட்டுக்காரரையே வரச் சொல்லி அர்த்தம் கேட்டாங்க.” அவள் குரல் இறங்கியது. “எல்லாம் கெட்டுப்போச்சு. இந்தத் தடவை ஒரு தப்புகூட இருக்கக் கூடாது டீச்சர். இதை விட்டா எனக்கு வேற வழியில்ல.”

“குடு, பாக்கலாம்.”

வினைச்சொற்களை மாணவர்களே அடிக்கோடிட்டுத் தர வேண்டும். டீச்சர் அவற்றை மட்டும்தான் பார்ப்பாள். கதைக்குள்ளே போனால் தப்பு கண்ணில் படாது என்பாள். சிவப்புப் பேனா விறுவிறுவென்று இறங்கியது. பன்னிரண்டு சொற்கள், பன்னிரண்டு டிக்.

வாசலில் செருப்புச் சத்தம். கையில் அவளுடைய குடையோடு கணவன் நின்றிருந்தான்.

“வந்தாச்சா? அஞ்சு நிமிஷம் பொண்டாட்டிய விட்டு இருக்க முடியாதே உங்களுக்கு!”

“என்ன பண்றது டீச்சர், இவ இல்லாம வீடு வீடாவே இல்ல.”

அவள் தாளைப் பிடுங்கக் கை நீட்டினாள். டீச்சர் முந்திக்கொண்டாள்.

“சும்மா இரு, இதுல என்ன வெக்கம்? படிச்சுப் பாருங்க சார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!”

அவன் நிதானமாகக் கடைசி வரி வரை படித்தான். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“நல்லா எழுதியிருக்கா. எல்லாம் உங்க தயவு டீச்சர்.” அவள் தோளில் கை போட்டான். “வாம்மா, வீட்டுக்குப் போலாம்.”

வாசலில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கீழே கார் கிளம்பிப் போன பிறகுதான் டீச்சர் மேசையைக் கவனித்தாள். ஒரு கவர் கிடந்தது.

“அடடா, மறந்துட்டுப் போயிட்டாளே!”

எடுத்துப் பார்த்தாள். காவல் நிலையத்தின் முகவரி, முத்து முத்தான ஆங்கிலத்தில். டிக் போட்ட சொற்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன: அடித்தார், பூட்டினார், சூடு வைத்தார், கொன்றுவிடுவார்.