கிழக்கால வழிய வேணும்

“அப்பா, பால் இன்னும் பானைக் கழுத்திலதான் நிக்குது. இப்பிடியெண்டால் எங்கட வீட்டில பொங்கலே இல்லை.”

இடுப்பில் கைவைத்துச் சொன்னவள் சாரங்கா. வயது ஐந்து. பானை அவளுடைய அப்பா ஜனார்த்தனன். அறை நடுவில், தோளளவுக்கு உயர்த்திய கைகளோடு நின்றான். கைகள்தான் பால். நெருப்பு, பானையைச் சுற்றி ஓடும் பிள்ளை. அவள் ஓட ஓடப் பால் ஏறித் தலைக்கு மேலே போய் வழிய வேண்டும்.

வெளியே இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற மழை. முற்றமெல்லாம் வெள்ளம். பொங்கல் லீவில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது அப்பாவின் பாடாயிற்று. தினமும் இதே விளையாட்டுத்தான்.

ஆனால் பால் ஏறினால்தானே. ஐப்பசியில் வயல் வரம்பில் சறுக்கி விழுந்ததிலிருந்து அவனுடைய வலது தோள் இறுகிக் கிடந்தது. பயிற்சி செய்யாவிட்டால் கை இப்படியே நின்றுவிடும், மாசியில் அருவி வெட்டி நெல்மூட்டை தூக்குவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். என்னென்ன பயிற்சி, எத்தனை தரம் செய்ய வேண்டும் என்று ஒரு தாளும் தந்தார்கள். வயல்காரனுக்கு இதென்ன பாலர் வகுப்பு என்று அவன் அதை மடித்து, தான் உட்காரும் கதிரையின் ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அடியில் வைத்தான். கதிரைக்குச் சுகமாகிவிட்டது. மனைவி தாட்சாயினி சொல்லிச் சொல்லி வாய் நொந்து, இரண்டு கிழமையாக அந்தக் கதையையே விட்டுவிட்டாள்.

“கை நோகுது, குஞ்சு. பால் காணாது, இவ்வளவுதானெண்டு வையன்.”

“பால் நோகுதெண்டு சொல்லாது அப்பா.”

இடக்கையை மட்டும் தூக்கி ஏய்க்கப் பார்த்தான். நெருப்பு சட்டென்று நின்றது. கிழக்குப் பக்கம் வழிந்தால்தான் வீட்டுக்கு நல்லது என்று அதற்குத் தெரியும். அவனைப் பிடித்துத் திருப்பி, வலக்கை கிழக்கே வரும்படி நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடியது.

ஜனார்த்தனன் பல்லைக் கடித்தான். கை காதைத் தொட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு தலைக்கு மேலே போயேவிட்டது. “பொங்கலோ பொங்கல்” என்று அவனே கத்தினான்.

விட்டாளா? அது சூரியனுக்காம். மாட்டுக்கு ஒரு பானை, வாய்க்காலுக்கு ஒரு பானை, பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒரு பானை என்று பொங்க வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒருவழியாக அவன் பாயில் சாய்ந்தான். பெற்ற பிள்ளை சந்தோசமாக இருக்க ஒரு தகப்பன் என்னவெல்லாம் படவேண்டியிருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

சமைத்துக்கொண்டிருந்த தாயிடம் குசினிக்குள் போன சாரங்காவின் களைத்த குரல் கேட்டது:

“அம்மா, அப்பாவுக்கு இண்டைக்குப் பத்துத்தரம் முடிஞ்சுது. இனியாவது நான் போய் விளையாடட்டோ?”