இரண்டாவது மீன்

"மிஸ், வானவில்லு!" என்று பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நான் கேமராவை விட்டுவிட்டுப் போனைத் தேடினேன்.

சிதம்பரத்தில் அனிமேஷன் வகுப்பு, மத்தியான நேரம். வெள்ளையாக ஒளிர விட்ட மானிட்டருக்கு முன்னால், நான் செய்த கண்ணாடி மீனை நூலில் தொங்கவிட்டிருந்தேன். துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்து அதை நீந்த வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. கண் கூசுகிறதே என்று கேமராவில் கூச்சத்தைக் குறைக்கிற போலரைசிங் ஃபில்டரை மாட்டினேன். அவ்வளவுதான். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்த மீனுக்குள் சிவப்பும் நீலமும் மஞ்சளும் வளையம் வளையமாகக் கிளம்பின.

பக்குவமாக ஆறிய கண்ணாடியை இப்படித் திரைக்கும் ஃபில்டருக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் நிறமே தெரியாது. நிறம் தெரிந்தால் அது அவசரமாக ஆறியிருக்கிறது, உள்ளே இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கோ அடுத்த மாதமோ, யாரும் தொடாமலே வெடித்துச் சிதறலாம்.

இதன் ஜோடி மீன் பண்ருட்டியில் இருக்கிறது. என் தம்பி அன்பரசுவின் ஐந்து மாதக் குழந்தைக்கு மேலே, தொட்டில் கம்பில்.

இரண்டும் கடலூரில் என் வீட்டு மின் உலையில் ஒன்றாக வெந்தவை. ஆறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மின்வெட்டு வாட்டிய அந்த வருஷம் யார் வீட்டில்தான் போகவில்லை? கரண்ட் வந்ததும் திரும்பச் சூடேற்றி, முதலிலிருந்து ஆற விட்டிருக்க வேண்டும். பேர் வைக்கிற விழாவுக்கு நேரமாகிறதென்று நான் மூடியைத் திறந்துவிட்டேன். என்னிடம் கண்ணாடி வேலை பழகும் பிள்ளைகள் செய்தால் திட்டித் தீர்க்கிற அதே தப்பு.

தம்பி மனைவி ஸ்ரீமதிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

இந்த நேரத்தில் குழந்தை தூங்கும். மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கும்.

மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேலே ஆகும். கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"ஸ்ரீமதி, மொதல்ல புள்ளைய தூக்கு! அந்த மீன கழட்டு!"

"பயப்படாதீங்க அண்ணி, மீனு தொட்டில்ல இல்ல. நீங்க வர அன்னிக்கு மட்டுந்தான் மாட்டுவோம்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு குரலை இறக்கி, "அத்தைதான் கழட்டிடச் சொன்னாங்க" என்றாள்.

அவளுக்கு அத்தை. எனக்கு அம்மா.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளையில்லாதவள் கை பட்ட பொருள் பச்சைக் குழந்தைக்கு மேலே தொங்கினால் ஆகாதென்று, என்னைப் பெற்றவள் பயந்திருக்கிறாள். நானோ போகும்போதெல்லாம் அது அங்கே தொங்குவதைப் பார்த்துப் பூரித்துப் போய்த் திரும்பியிருக்கிறேன்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. அந்த நிம்மதியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதை இனிமேல் எப்போதும் மாட்ட வேண்டாம், துணியில் சுற்றித் தூரப் போட்டுவிடு என்றேன்.

"ஏன் அண்ணி?"

காரணத்தைச் சொன்னால் அம்மாவின் பயம் நிஜமாகிவிடும். சொல்லாவிட்டால் அடுத்த தடவை, என் மனசு நோகக்கூடாதென்று மறுபடி மாட்டுவார்கள்.

"அம்மா சொன்னது சரிதான்னு அவங்ககிட்டயே சொல்லிடு" என்றேன்.