மூன்று வண்டிக்குப் பிறந்தது

“இந்த வண்டிக்கு அப்பா யாருய்யா?” என்று மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார் வண்டிப் பதிவு அலுவலக அதிகாரி.

“மூணு பேர் சார்,” என்றான் மெக்கானிக் ஸ்பேனர். “முன்பக்கம் ஒரு வண்டி, எஞ்சின் ஒரு வண்டி, பின்பக்கம் ஒரு வண்டி. எல்லாம் பழைய இரும்புக் கடையில வாங்கினது.”

“ரசீது?”

“எடை போட்டுத்தான் குடுத்தாங்க. துண்டுச் சீட்டுல கிலோ மட்டும்தான் இருக்கு.”

“சேஸிஸ் நம்பர்?”

“துரு தின்னுடுச்சு சார்.”

“பழைய ஓனர் புத்தகம்?”

“அது இருந்தா நான் எதுக்கு சார் உங்களைத் தொந்தரவு பண்றேன்?”

அதிகாரி சிரிக்கவில்லை. “திருட்டு வண்டி இல்லைன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வா. அப்புறம் முப்பது நாள் இங்க பலகையில அறிவிப்பு ஒட்டுவோம். எனக்குச் சொந்தம்னு யாராவது வந்தா விசாரணை. யாரும் வரலைன்னா ஃபைல் வரிசைக்குப் போகும். முறை வந்ததும் புது நம்பர்.”

“வரிசை எவ்வளவு தூரம் சார்?”

அதிகாரி அலமாரியைக் காட்டினார். ஃபைல்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அடியில் இருந்தவற்றில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஸ்பேனருக்கோ அவசரம். அடுத்த மாதம் விட்டு அதற்கடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி இறக்கும் வேலையைத் தருவதாக ரொட்டிக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நம்பர் பிளேட் இல்லாமல் வந்து நின்றால் வேலை வேறு ஆளுக்கு. பதினோரு வருடம் அடுத்தவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு, சொந்த வண்டிக்கு மேலே உட்கார இது ஒன்றுதான் வழி.

இன்னொரு விஷயம், அவன் வீட்டோடு மாப்பிள்ளை. தெருவில் யாரும் அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் இல்லை. அந்த மூன்று சக்கர சரக்கு வண்டி ஒரு வருடமாக உருவாகிக்கொண்டிருந்ததும் மாமியார் வீட்டு முற்றத்தில்தான்.

“மாப்பிள, இந்த இரும்பு மூட்டை எப்பக் கிளம்பும்? துணி காயப் போட இடமில்லாம இது மேலயே விரிக்கிறேன்,” என்பாள் மாமியார், தினமும், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி.

“நம்பர் வந்ததும் கிளம்பிடும் அத்தை.”

“அதுக்குள்ள நாலாவதா ஒரு அப்பா முளைக்காம இருந்தாச் சரி.”

போலீஸ் சீட்டு வந்தது. அறிவிப்பும் ஒட்டியாயிற்று. ஸ்பேனர் பரீட்சை முடிவு பார்ப்பவன்போல தினமும் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தான். இருபத்தெட்டு நாள் ஓடிப்போனது. இருபத்தொன்பதாம் நாள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

“ஆட்சேபணை வந்திருக்குய்யா. வண்டி அவங்களோடதா இருக்கலாமாம். வியாழக்கிழமை விசாரணை.”

“யாரு சார் அது?”

“அதை விசாரணையிலதான் சொல்லணும்.”

அன்று ஸ்பேனர் சோற்றில் கைவைத்ததோடு சரி. “எதிர் வீட்டு டெய்லராத்தான் இருக்கும்,” என்றான் மனைவியிடம். “நான் தட்டுற சத்தத்துல தையல் கோணுதுன்னு ஒரு வருஷமாப் பொருமறாரு.”

“உங்க பேன்ட் ரெண்டு அவர்கிட்ட இருக்கு. சண்டை போடறதுன்னா அதை வாங்கிட்டுப் போடுங்க,” என்றாள் அவள்.

மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். அந்த வாய்க்கு அது பெரிய சாதனை.

ஸ்பேனர் டெய்லரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரணம் புரியாத டெய்லர், அளவுதான் தப்பிவிட்டது போலிருக்கிறது என்று பேன்ட்டைப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

வியாழக்கிழமை, வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்து அலுவலக வாசலில் நிறுத்தினான். “ஆட்சேபணை கொடுத்தவங்க வரலாம்,” என்றார் அதிகாரி. வந்தது மாமியார். நல்ல புடவை, கையில் பை.

ஸ்பேனர் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தான். “சத்தியமா எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் அவள்.

“என் வீட்டுக்காரர் இருந்தப்ப எங்க மூணு சக்கர வண்டி ஒண்ணு தொலைஞ்சு போச்சுங்க,” என்றாள் மாமியார் அதிகாரியிடம். “இது அதுவா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.”

“வண்டி உங்க வீட்டு முற்றத்துலதானேம்மா ஒரு வருஷமா நிக்குது? பாக்கலையா?”

“மேல துணி காயுதுங்க. எங்கேருந்து பாக்கறது?”

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். மாமியார் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். கதவைத் தட்டிப் பார்த்தாள்.

“இது இல்லைங்க,” என்றாள் கடைசியில். “எங்களோடது இவ்வளவு நல்லா இருக்காது.”

அதிகாரி எரிச்சலோடு ‘ஆட்சேபணை வாபஸ்’ என்று எழுதி முத்திரையைக் குத்தினார். மதியத்துக்குள் சேஸிஸில் புது நம்பரை அடித்து, உரிமையாளர் என்ற இடத்தில் ஸ்பேனரின் பெயரை எழுதி, புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று ஸ்பேனருக்கு விளங்கவில்லை. “வேலை கையை விட்டுப் போயிருந்தா என்ன அத்தை பண்ணியிருப்பீங்க? என்மேல அப்படி என்ன கோவம்?”

மாமியார் பையிலிருந்து நாலாக மடித்த விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து, திருப்பி, அவன் கையில் வைத்தாள்.

“பின்பக்கம் படிங்க மாப்பிள. ஆட்சேபணை வந்த ஃபைலை வரிசையில போடக் கூடாது, ஏழு நாளுக்குள்ள விசாரிச்சு முடிச்சுடணும்னு போட்டிருக்கு. இருபத்தெட்டு நாள் நானும் காத்திருந்து பாத்தேன், ஆட்சேபிக்க ஒருத்தனும் வரல.”