சீட்டுக்கு முக்காடு

தணிகாசலத்தின் பழைய காரில் டிரைவர் சீட் கிழிந்து, உள்ளேயிருந்த ஸ்பிரிங் கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. அவர் பளபளக்கும் புது உறை ஒன்றை வாங்கி மாட்டினார்.

"இனிமே உன் அசிங்கம் யாருக்கும் தெரியாது" என்றது உறை.

"கம்பியை மாத்தி நாலு தையல் போடத் துப்பில்ல, எனக்கு முக்காடு போடுறாரா?" என்று கொதித்தது சீட்.

மறுநாள், உறை அழுக்காகிவிடும் என்று அதன்மேல் ஒரு துண்டை விரித்தார் தணிகாசலம்.

"அநியாயம்! இப்படி மூடி வைக்கவா கடை கடையா ஏறி என்னை வாங்கினாரு?" என்று கத்தியது உறை.

"நேத்து எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது" என்றது சீட்.

தணிகாசலம் ஏறி உட்கார்ந்தார். உறையையும் துண்டையும் துளைத்துக்கொண்டு கம்பி குத்தியது. "ஐயோ!" என்று துள்ளி இறங்கியவர், பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்:

"ஏம்மா, பழைய தலகாணி ஏதாவது இருந்தா எடுத்துட்டு வா!"