தைல மரத்துக்குக் கொடுத்து வைத்தது

மிருகக்காட்சிசாலையின் வேலிக்குள் காலை வெயில் கம்பி நிழல்களைக் கோடு கோடாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. காண்டாமிருகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நாக்கைச் சொடுக்குகிறாள். தைல மரத்தில் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்த அது, காய்ந்த சேறு உதிர உதிர ஆடி அசைந்து வருகிறது. அது தேய்த்துத் தேய்த்தே மரத்தின் ஒரு பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிறது. இரும்புப் பெட்டிக்குள் வழக்கம்போல வாழைப்பழம். எடை பார்க்க என்று சொல்லித்தான் அதைப் பெட்டிக்குள் போய்வரப் பழக்கச் சொன்னார்கள், அவளும் பழக்கினாள். தினமும் உள்ளே போய்த் தின்னும். அவள் மறுபடி சொடுக்கினால் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்துவிடும். இன்று அது உள்ளே போனதும் கதவு தடாலென்று விழுகிறது. சுவருக்கு அப்பால் லாரி உறுமுகிறது.

“எடை பாக்கன்னுதானே சொன்னீங்க டாக்டர்?”

“உண்மையைச் சொல்லியிருந்தா நீ கூப்பிட்டிருப்பியாம்மா?” பெட்டியருகே நிற்கும் கால்நடை மருத்துவர் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். “இந்த இனத்துல விரல்விட்டு எண்ணுற அளவுதான் மிச்சம். ஜோடி வேற நாட்டுல இருக்கு. போய்த்தான் ஆகணும்.”

“அந்த மரத்தை யாரும் கூட்டிட்டுப் போகலையே.”

“அது தெருவுக்குத் தெரு நிக்குது. அது யாருக்கு வேணும்?”

“குடுத்து வெச்ச மரம்.”

பெட்டி ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது. கம்பி இடுக்கில் ஈரமான மூக்கு தெரிகிறது. காண்டாமிருகம் அவள் பக்கமாகக் காதைத் திருப்பி, அந்த இரண்டாவது சொடுக்குக்காகக் காத்திருக்கிறது. அவள் நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.